முப்பத்தெட்டு நிமிடம்

வருகைப் பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு,
அரை அங்குல அகலம்.
காய்ச்சல் அதில் அடங்கும், பல்வலி அடங்கும்,
பேருந்தைத் தவறவிட்டதும் அடங்கும்.
ஒடெஸா ப்ரூயிட், எட்டாம் வகுப்பு,
திங்கள்தோறும் வெற்றுக் கட்டம்.

மூன்று கடிதம் அனுப்பினேன்.
மூன்றாவதில் சட்டப்பிரிவு எண்கூட இருந்தது.
நான்காவதை நானே எடுத்துக்கொண்டு போனேன்.
ஜனவரி, டொலீடோ,
மூக்கு என்னுடையதுதானா என்று
தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர்.

கதவைத் திறந்தது அவள்தான்.
வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டிருந்தாள்.
மின்கட்டணம் பாக்கி, கம்பி அறுத்தாயிற்று.
குளியல் தொட்டியில் சட்டைகள்.
தொட்டி விளிம்பில் ஒரு ஜீன்ஸ்
பலகையாய் விறைத்திருந்தது,
விட்டால் எழுந்து தனியாகவே பள்ளிக்குப் போய்விடும்.
கந்தையானாலும் கசக்கிக் கட்டலாம்தான்,
கட்டுவதற்குமுன் காய வேண்டுமே.

"வெள்ளி ராத்திரி நனைத்தது
திங்கள் காலையிலும் ஈரம்" என்றாள்.
"ஈரத்தோடு வந்தால் நாறும்.
பின்வரிசையில் ஒருத்தி மூக்கைப் பிடிப்பாள்.
அதற்கு உங்கள் கடிதமே தேவலை."

பள்ளியில் ஒரு திட்டம் ஏற்கெனவே இருந்தது.
மாலை உதவி வகுப்பு.
பதினாறு நாற்காலி, இரண்டு பெட்டி பீட்சா,
சுவரில் 'உன்னால் முடியும்' என்று ஒரு கழுகு.
நாற்காலிகள் உட்கார்ந்திருந்தன.
கழுகு பார்த்துக்கொண்டிருந்தது.
சொல்லித்தர வந்த கல்லூரிப் பையன் ட்ரெவன்
பீட்சாவை வீட்டுக்கு எடுத்துப்போனான்.

இன்னும் கழுகுகள் வாங்க ஒதுக்கிய பணத்தில்
சலவை இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டேன்.
கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.
"நாம் நடத்துவது பள்ளிக்கூடமா, சலவைக்கடையா?"
என்னிடம் பதில் இல்லை, பதிவேடு இருந்தது.
மேசைமேல் விரித்து வைத்துவிட்டு
காப்பி எடுக்கப் போனேன்.

கொதிகலன் அறைக்குப் பக்கத்தில்,
துடைப்பங்கள் நின்ற இடத்தில்,
துவைக்க ஒன்று, உலர்த்த ஒன்று.
பைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஒடெஸா அதற்கும் மேலே யோசித்தாள்.
துணியை ட்ரம்பெட் பெட்டியில் கொண்டுவந்தாள்.
அவள் வாத்தியக் குழுவில் சேர்ந்துவிட்டாள் என்று
மே மாதம் வரை வகுப்பே நம்பியது.

துவைக்க முப்பத்தெட்டு நிமிடம்.
அதற்குள் எங்கே போய்த் திரும்புவது?
உட்கார்ந்தார்கள்.
உட்கார்ந்தபின் கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.
ட்ரெவன் நாற்காலிகளை அங்கே இழுத்துவந்தான்.
உலர்த்தியின்மேல் நோட்டை வைத்தால்
பின்னங்கள் நடுங்கும்,
தொகுதி எங்கே பகுதி எங்கே என்று குழம்பும்,
ஆனால் விரல்கள் சூடாகும்.

எல்லாரும் கரைசேரவில்லை.
கோர்வின் மார்ச்சில் ஒரு பை வைத்துப்போனான்,
எடுக்க வரவில்லை.
அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை என்றார்கள்,
எந்த ஊர் என்று ஒருவரும் சொல்லவில்லை.
மடித்து வைத்திருக்கிறேன்,
இரண்டு பனியன், ஒரு காலுறை.
அதன் ஜோடிக்காக
இயந்திர வாயின் ரப்பர் மடிப்புக்குள்
விரல் விட்டுத் துழாவினேன்.
ஒரு பொத்தான் கிடைத்தது. அவனுடையதல்ல.

ஆண்டறிக்கைப் படிவம் கேட்கிறது,
இத்திட்டத்தால் மதிப்பெண் எத்தனை விழுக்காடு உயர்ந்தது?
கணக்கில் ஒடெஸா வெளுத்து வாங்கினாள்
என்று எழுத ஆசைதான்.
வாங்கவில்லை. அறுபத்தொன்று.
போன வருடம் தேர்வு நாளில்
அவள் இருக்கை காலி.
படிவத்தின் கட்டத்தை அளந்து பார்த்தேன்,
அதுவும் அரை அங்குலம்.

இன்று திங்கள்.
இயந்திரம் நின்று, மணி அடித்து,
மறுபடி அடித்து ஓய்ந்துவிட்டது.
ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன்
தன் பையை அணைத்தபடி அவளருகே நிற்கிறான்.
"உன் துணி முடிந்தது. எடுக்கிறாயா?"
"இரு" என்கிறாள், தலை தூக்காமல்.
ஏழாம் கணக்கில் ஒரு படகு
ஆற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருக்கிறது,
அதன் வேகம் இன்னும் தெரியவில்லை.